பச்சைத் திரையில் இல்லாத ஈச்சிலம்பற்று

மகன்,

போன கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. தலையிடி என்று அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அவர் நல்ல மனிதர், யாருக்கும் நோகக் கூடாது என்று பொய் சொல்லுவார். எனக்குத் தலையிடி இல்லை. உன்மேல் கோபம். இன்றைக்கு ஒன்பதாவது நாள், கோபம் தணியவில்லை. இடையில் நான் ஈச்சிலம்பற்றுக்குப் போய் வந்தபடியால் கூடித்தான் இருக்கிறது. அடுத்த மாதம் நீ பதவி உயர்ந்து டுபாய்க்குப் போகிறாய். மாதா கோயிலில் கண்டவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து வாழ்த்துகிறார்கள். பெற்றவள் நான் மட்டும் இதுவரை உன்னை ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை. ஏன் என்று இதில் எழுதுகிறேன். இதை நான் உறையை ஒட்டி இரகசியமாக அனுப்பவில்லை. ஒரு பிரதி உன் கொழும்பு அலுவலகத்துக்கும் போகிறது. அனுப்ப வேண்டாம் என்று அப்பா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது வீட்டுக்குள் பேசி முடிக்கிற கதையாக இருந்திருந்தால் நான் வீட்டுக்குள்ளேயே பேசியிருப்பேன்.

அன்றைக்குப் பூசை முடிந்து வந்து, நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டு, கை கழுவின கையோடு நீ மடிக்கணினியைத் திறந்தாய். எங்களுக்கும் உன் வேலை விளங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அதில் பிழையில்லை. மீன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனியில், மீன் வள்ளத்திலிருந்து விமானம் வரைக்கும் போகிற முழுப் பாதையையும் அளந்து திருத்துவதுதான் உன் வேலை என்று அப்பாவுக்கு விளக்கினாய். திருகோணமலையிலிருந்து தெற்கே போகிற லொறியின் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் திரையில் ஒரு வட்டம் இருந்தது. லொறி நேரத்துக்குப் புறப்பட்டதா, நேரத்துக்குத் திரும்பியதா, மீன் தரமாக வந்ததா என்று பார்த்து, சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. போன வருடம் இந்தப் பாதை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது, நான் பொறுப்பெடுத்து நாலு மாதத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது, அதைப் பார்த்துத்தான் டுபாய் வேலையைத் தந்தார்கள் என்று நீ சொன்னபோது அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணியா இருந்தது, மூதூர் இருந்தது. ஈச்சிலம்பற்றைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

“அதை எடுத்தாச்சு அம்மா,” என்றாய். “அந்த ஒரு இடத்தாலதான் லொறி ஒவ்வொரு நாளும் பிந்தினது. எடுத்தாப் பிறகுதான் எல்லாம் பச்சையா வந்தது.”

அங்கே மீன் பிடிக்கிறவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். நீ தோளைக் குலுக்கினாய். “அது இப்ப எங்கட கணக்கில இல்லை,” என்றாய். அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் இருக்க எனக்கு ஏலவில்லை. எழும்பிப் போய்விட்டேன்.

நீ ஒரு விஷயத்தை மறந்துவிட்டாய் மகன். அல்லது அம்மா பழைய காலத்து எழுதுவினைஞர்தானே, கொப்பியில் எழுதியவளுக்குத் திரை எங்கே விளங்கப் போகிறது என்று நினைத்துவிட்டாய். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு மீன் கம்பனியின் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் லொறிகளை அனுப்பின பெண் நான். எந்த லொறி எத்தனை மணிக்கு எத்தனை பெட்டி மீனோடும் எவ்வளவு ஐஸோடும் வாசலைத் தாண்டியது என்று எழுதினதுதான் என் உத்தியோகம். ஒரு பாதை நாலு மாதத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறினால் ஒன்றில் யாரோ நன்றாக வேலை செய்திருக்கிறார்கள், இல்லையென்றால் அளவுகோலை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். எது நடந்தது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் ஓட்டோ பிடித்து உங்கள் கம்பனிக் களஞ்சியத்துக்கு முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கொப்பியும் பேனையும் கொண்டு போனேன். ஐந்து மணிக்குத் தெற்கு லொறியின் சாரதி பயணத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வந்தவர் லொறியில் ஏறவில்லை. கடைக்கு வந்து என் பக்கத்து வாங்கில் இருந்து தேத்தண்ணிக்குச் சொன்னார். ஏன் புறப்படவில்லை என்று கேட்டேன். உள்ளே ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறதாம், கொழும்புக்குப் போகிற பெரிய லொறிகளுக்குத்தான் முதலில் ஐஸாம், அவை முடிந்தபிறகுதான் இவருக்காம். ஆனால் தாளில் கையெழுத்து விழுந்த நிமிடமே லொறி புறப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

“தாளில நாங்க அஞ்சு மணிக்கே போயிட்டம் அம்மா,” என்றார். “ஆள் மட்டுந்தான் இன்னும் இஞ்ச நிக்குது.”

லொறியின் சில்லு உருண்டது ஆறு மணி இருபதுக்கு. புதன்கிழமையும் போனேன், அன்றைக்கு ஆறு மணி பத்து. இரண்டு நாளும் உன் திரையில் புறப்பட்ட நேரம் பச்சையாகத்தான் இருந்திருக்கும். திரும்பி வர வேண்டிய நேரத்தையோ நீ ஐந்து மணியிலிருந்து கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாய். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உங்கள் சொந்த வாசலுக்குள்ளேயே தொலைந்து போகிறது. அதை நீ சாரதியின் தலையிலும், பாதையின் கடைசியில் இருக்கிற ஊரின் தலையிலும் போட்டாய். களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிற காரணத்தைப் பார்க்காமல், ஆற்றைத் தாண்டி இருக்கிற ஒரு தரிப்பிடத்தை வெட்டினாய். இதற்குத்தான் உனக்குப் பதவி உயர்வு தந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பஸ் எடுத்து ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். வேலை செய்த காலத்தில் மீனுக்குள் குத்திச் சூடு பார்க்கிற வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது, அதையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இறங்கி விசாரித்ததில் கடற்கரையில் புவனா என்ற பெண்ணின் மீன் சேர்க்கிற வாடிக் கொட்டிலைக் காட்டினார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு வள்ளத்துக்காரர் பிடிக்கிற மீனை அவதான் சேர்த்து, கழுவி, பெட்டியில் அடுக்கி, முன்பு உங்கள் லொறிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவ. நான் ஒரு காலத்தில் மீன் கம்பனியில் வேலை செய்தவள், பார்க்க வந்தனான் என்று மட்டும் சொன்னேன். அவ அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஒன்பது மணிக்கு மூன்று பெட்டி மீனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தா.

லொறி வராமல் விட்ட நாளிலிருந்து ஐஸும் வருவதில்லை. மூதூரிலிருந்து முதல் நாள் வாங்கி, மரத்தூளுக்குள் புதைத்து வைத்து, மிஞ்சினதைத்தான் மீனுக்குப் போடுகிறா. நானும் அந்த ஓட்டோவில் ஏறினேன். ஏறும்போது சாளை மீனில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், ஒன்பது பாகை காட்டியது. மூதூரில் உங்கள் லொறி நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது பதினேழு. என் மடியில் ஒரு பெட்டி இருந்தது, அதிலிருந்து ஒழுகின தண்ணீர் சேலையெல்லாம் வழிந்தது, அந்தத் தண்ணீரே இளஞ்சூடாக இருந்தது. லொறியில் நின்ற உங்கள் ஆள் தன்னுடைய வெப்பமானியைக் குத்தினார், இரண்டு பெட்டியை வேண்டாம் என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அந்த மீனை நானும் எடுத்திருக்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஏற்றுக்கொண்ட மீனுக்குத்தான் துண்டு, ஏற்காததற்கு எழுத இடமே இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது உன் திரையில் மீனின் தரம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று. கெட்டுப்போன மீன் உன் திரைக்குள் வருவதேயில்லை. அது வாசலுக்கு வெளியே, ஒரு பெண்ணின் ஓட்டோவுக்குள் கெட்டுப்போகிறது.

அந்த இரண்டு பெட்டியையும் கருவாடு போடுகிற ஒருவர் கால் விலைக்கும் குறைவாகக் கேட்டார். அதிலும் பாதியைத்தான் எடுத்தார். மிச்சத்தைப் புவனா உப்புத் தண்ணீர்க் களப்புக் கரையில் கொட்டினா. கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் நான் யாருடைய தாய் என்று சொன்னேன். சொல்லாமல் திரும்பிவரலாம் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. அவ பெட்டியைக் கவிழ்த்து வைத்தா.

“உங்கட மகன் ஒருக்கா வந்தவர்,” என்றா. “நல்ல மரியாதையான பிள்ளை. வந்து ஒரு மணித்தியாலம் நிண்டவர். என்ன கரைச்சல் எண்டு கேக்கேல்ல. மீன் ஏத்த எத்தினை நிமிஷம் எண்டு மட்டும் கேட்டவர்.”

அதை அவ கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையான பிள்ளை என்று என் மகனைப் புகழ்ந்துதான் தொடங்கினா. நான் அந்தக் கரையில் நின்றபடி, உன்னைப் பெற்றதற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன். கடுமையான வார்த்தைதான். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் போன கிழமை வரைக்கும் தெரியாது. நம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் பாராட்டுக் கடிதம் உனக்கு நினைவிருக்கும். ஒரு வருடம் முழுவதும் ஒரு லொறியைக்கூடப் பிந்த விடாமல் அனுப்பியதற்காக என் கம்பனி எனக்குத் தந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் நீ படித்தாய். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது அதைப் பற்றித்தான் எழுதினாய். இந்தத் துறைக்கு வந்ததற்கே அதுதான் காரணம் என்று உன் பட்டமளிப்பு நாளில் எல்லாருக்கும் முன்னால் சொன்னாய். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

நீ ஏழாம் வகுப்புப் படித்த வருடம் அது. சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, எங்கும் லொறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. கொழும்பு லொறி பின்னேரம் நாலு மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டும் என்பது எங்கள் முகாமையாளரின் சட்டம். சுவரில் ஒரு கரும்பலகை, நேரத்துக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு சரி. அந்தச் சரியை நான்தான் போடுவேன். எனக்கு அதில் ஒரு பைத்தியமே இருந்தது. ஒரு நாள் ஐஸ் தொழிற்சாலையில் மின்சாரம் போய், வர வேண்டிய ஐஸில் பாதிதான் வந்தது. அன்றைக்கு லொறி நிறையச் சூரை மீன். சாரதி கிண்ணியாவைச் சேர்ந்த சலீம் நானா. என்னை விட வயதில் மூத்தவர், மீனை ஏற்றினால் கைக்குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோவார். பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, ஐஸ் காணாது,” என்றார். “இதோட கொழும்புக்குப் போக ஏலாது. ஒரு ரெண்டு மணித்தியாலம் பொறுப்பம், மிச்ச ஐஸ் வரட்டும்.”

நான் முகாமையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் மணிக்கூட்டைக் காட்டினார். அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பப் போவதில்லை. படிவத்தில் எழுதின கை என்னுடையது. ஐஸ் முழு அளவு என்று எழுதினேன். மீனின் வெப்பநிலை என்ற இடத்தில், அன்றைய மீனைக் குத்திப் பார்க்காமல், முதல் நாள் எழுதின இலக்கத்தைப் பார்த்து எழுதினேன். லொறி நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க வாசலைத் தாண்டியது. பலகையில் சரி போட்டேன்.

அந்த மீன் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருக்கிறது. சூடேறிய சூரையில் பிடிக்கிற நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பார்வையில் தெரியாது, மணமும் வராது. சாப்பிட்ட தையல் பிள்ளைகளுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடியும் சொறிச்சலும் எடுத்து, வாந்தி. அதில் ஒருத்தி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். யாரும் சாகவில்லை. அதை நான் ஒரு ஆறுதலாகப் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது என் படிவத்தை. அதில் எல்லாம் சரியாக இருந்தது. வெளிக்கிடும்போது மீன் நல்ல குளிர், ஐஸ் முழு அளவு, நேரம் தப்பவில்லை. அப்படியென்றால் கெட்டது வழியில்தானே. சாரதி எங்கேயோ லொறியை வெயிலில் நிறுத்திவிட்டு நித்திரை கொண்டிருக்கிறார் என்று முடிவெடுத்தார்கள். ஐஸ் குறைவாகத்தான் ஏற்றினது, அந்தத் தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கள் என்று சலீம் நானா சொன்னார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். படிவத்தில் இருப்பதுதான் சரி என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மாதமே அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். வருடக் கடைசியில் எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றபோதும் இந்த ஒன்றை மட்டும் நான் பங்குச் சுவாமியிடம் சொன்னதில்லை.

புவனாவின் வாடியிலிருந்து திரும்பி வருகிற வழியில், வியாழக்கிழமை பின்னேரம், கிண்ணியாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சலீம் நானா வீட்டு முன்பக்கத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மீன் தண்ணீர் வழிந்த சேலையோடு நான் போய் நின்றதும் ஆள் யாரென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் எழுதினது பொய், விசாரணையில் சொன்னதும் பொய் என்று சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழவில்லை.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார். “நீங்க எழுதினத நான் பார்த்தனான்தானே. எனக்குச் சொல்லி என்ன தங்கச்சி. உள்ள போய் என்ட மனிசிக்கிட்டச் சொல்லுங்க. அவ இண்டைக்கும் நான் வழியில நித்திரை கொண்டன் எண்டுதான் நினைச்சிக்கிட்டிருக்கா.”

உள்ளே போனேன். அவருடைய மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. அவவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து முழுவதையும் சொன்னேன். அவ சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. சொல்லி முடிந்த பிறகு, எத்தனை தடவை அவரை அந்த நித்திரையைச் சொல்லி ஏசியிருக்கிறேன் தெரியுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டா. மன்னித்துவிட்டேன் என்று இருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார் சலீம் நானா, கடைக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டத்தைக் கழற்றிப் பாராட்டுக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பா ஏன் என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கும் சொன்னேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது என்னை நீ மன்னிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. நானும் பிழை விட்டவள், ஆகவே உன் பிழையும் சின்னது என்று நீ நினைத்துக்கொள்வதற்காகவும் இல்லை. நான் செய்தது ஒரு நாள், ஒரு லொறி, ஒரு பொய் இலக்கம். நீ பொய் இலக்கம் ஒன்றுகூட எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். உன் திரையில் இருக்கிற ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் எழுதினது பொய் என்று எனக்காவது தெரிந்திருந்தது, இரவில் நித்திரை வராமல் இருந்தது. நீ உண்மையை மட்டும் பொறுக்கி அடுக்கி, பிடிக்காததை வெளியே தள்ளிவிட்டு, நிம்மதியாக நண்டுக் கறி சாப்பிடுகிறாய். இதே வேலையை ஒரு ஊருக்குச் செய்த நீ நாளைக்கு டுபாயில் இருந்துகொண்டு எத்தனை ஊருக்குச் செய்வாய் என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே கேள். ஈச்சிலம்பற்றைத் திரும்ப உன் திரையில் போடு. சிவப்பாகவே போடு. லொறி புறப்பட்ட நேரம் என்பது ஐஸ் ஏற்றிக் கதவு பூட்டிச் சில்லு உருளுகிற நேரம், தாளில் கையெழுத்து விழுகிற நேரம் இல்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஏன் என்று எழுதித் துண்டு கொடுக்க வை, அந்தத் துண்டுகளையும் சேர்த்து எண்ணு. எல்லாத் தரிப்பிடத்தையும் கூட்டிப் பிரித்துச் சராசரி பார்க்கிறாயே, அதை விடு. ஆகக் கேவலமாக இருக்கிற இடம் எதுவோ அதை மேலே போட்டு, அதையே முதலில் பார். பிறகு ஒரே ஒரு கிழமைக்கு, தெற்கு லொறிக்கு முதல் ஐஸைக் கொடுத்துப் பார். கொழும்பு லொறிகள் எட்டு மணிக்குத்தான் வெளிக்கிடுகின்றன, இரண்டு நாளும் நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அவற்றுக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகாது. இதற்குப் புது இயந்திரமும் வேண்டாம், புதுத் திரையும் வேண்டாம். வரிசையை மாற்றினால் காணும். ஐந்து மணிக்கு ஐஸோடு வெளிக்கிடுகிற லொறி ஈச்சிலம்பற்றுக்கும் போய்விட்டு நேரத்துக்குத் திரும்பும். திரும்பாது என்றால் அதையும் அளந்து எனக்குக் காட்டு, நான் என் வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன்.

உன் மேலதிகாரிகளுக்கும் நீயே சொல்ல வேண்டும், இந்தப் பாதை பச்சையானது திருத்தியதால் இல்லை, வெட்டியதால் என்று. சொன்னால் டுபாய் வேலை போனாலும் போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன். அப்பா இந்த இடத்தில் பேனையைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். பிள்ளையின் எதிர்காலம் என்றார். புவனாவின் எதிர்காலம் என்று ஒன்றும் இருக்கிறது, அவவோடு சேர்ந்த பதினொரு வள்ளத்துக்கும் இருக்கிறது. அதை நாலு மாதமாக நீ களப்புக் கரையில் கொட்ட வைத்திருக்கிறாய்.

நான் பதினைந்து வருடம் பிந்திப் போனேன். சலீம் நானாவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, லொறி ஓட்டுகிற வயது அவருக்குப் போய்விட்டது. உனக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மடிக்கணினியை வைத்துவிட்டுப் போ. போய்ப் புவனாவிடம், எத்தனை நிமிடம் என்று கேட்காமல், என்ன கரைச்சல் என்று கேள். அவ சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்று கேள். அவவோடு அந்த ஓட்டோவில் ஏறி, ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூதூர் வரைக்கும் வா.

போகிற நாளை எனக்கு அறிவிக்கத் தேவையில்லை, வந்து விளக்கம் சொல்லவும் தேவையில்லை. புவனாவின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. நீ விமானம் ஏறுகிற அன்று காலையில் அவவுக்கு எடுத்து, நீ வந்தாயா என்று கேட்பேன். வழியனுப்ப நான் வருவதா இல்லையா என்று அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சொல்லுவேன்.

அம்மா